170 சதுர அடி வீட்டின் கணக்கு

2022-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவில் நடந்த ஓர் ஏலத்தில் ‘கறுப்பு லாரி’ என்ற சின்னஞ்சிறு ஓவியம் 3,50,000 கனடிய டாலருக்கு விலைபோனது. ஏலக்காரர்கள் மதிப்பிட்டிருந்ததைப் போலப் பத்து மடங்கு. அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒன்ராறியோ மாநிலத்தில் சிறிய உணவகம் நடத்திய ஒரு குடும்பம், வழக்கமாகச் சாப்பிட வரும் ஓவியர் ஒருவருக்குச் சீஸ் வைத்துச் சுட்ட சாண்ட்விச்சுகளைக் கொடுத்து, அதற்கு ஈடாக இந்தப் படத்தை வாங்கியிருந்தது. சாண்ட்விச் லட்சங்களாக மாறிய இந்தக் கதையைச் செய்தித்தாள்கள் ஆசையாக எழுதின. படத்தை வரைந்தவர் அந்த ஓவியர் அல்ல; மாட் லூயிஸ் என்ற பெண். அவர் 1970-லேயே இறந்துபோனவர். நல்ல காலத்தில் அவருடைய படம் ஒன்றுக்கு 5 டாலர் கிடைத்தது. கடைசி வருடங்களில் 7 டாலர், மிஞ்சினால் 10. அவர் படம் வரைந்ததும் சமைத்ததும் உறங்கியதும் இறக்கும்வரை வாழ்ந்ததும் ஒரே சிறு வீட்டில். கீழே ஓர் அறை, மேலே ஒரு பரண். பதின்மூன்றரை அடிக்குப் பன்னிரண்டரை அடி. ஏறத்தாழ 170 சதுர அடி. அந்த வீடு இன்று நோவா ஸ்கோஷியா மாநிலத் தலைநகர் ஹாலிஃபாக்ஸில், மாநிலக் கலைக்கூடத்தின் கூரைக்கு உள்ளே நிற்கிறது. கூரையும் கதவும் ஜன்னலும் படிக்கட்டும் அடுப்புமாக ஒரு முழு வீடு இன்னொரு கட்டடத்துக்குள் நிற்பதைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். மாட் லூயிஸின் ஓவியங்கள் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும், அவர் யார் என்பதைச் சொல்லக்கூடியது அந்த வீடு ஒன்றுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். படங்கள் மறைத்ததை வீடு சொல்கிறது. ஆகவே அதைப் படங்களுக்குத் துணைப்பொருளாகப் பார்க்காமல், வீடாகவே பார்க்க வேண்டும்.

‘நாட்டுப்புறக் கலை’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வந்த வடிவங்கள்: தெருக்கூத்து, தோல்பாவை, சுடுமண் குதிரை. வட அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கலைப்பள்ளியின் வாசலை மிதிக்காத, எந்த ஆசிரியரிடமும் பயிலாத தனியொருவர், கையில் கிடைத்ததை வைத்துத் தன் கண்ணுக்குப் பட்டபடி செய்தவையும் அங்கே நாட்டுப்புறக் கலைதான். இப்படிப்பட்டவர்கள் பலருக்குச் சொந்த வீடே முதல் ஓவியத் துணியாகவும் கடைசி ஓவியத் துணியாகவும் அமைந்துவிடுகிறது. டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் ஜான் மில்கோவிச் என்ற ரயில்வே மெத்தைத் தொழிலாளி, 1968-இல் தொடங்கி முற்றத்துக் கான்கிரீட்டில் கோலிக்குண்டுகளைப் பதித்தார். பிறகு காலி பீர் டின்களைத் தட்டித் தகடாக்கி வீட்டுச் சுவர் முழுவதையும் போர்த்தினார். டின் எண்ணிக்கை 50,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பிரான்சில் ஷார்த்ர் நகரத்துக் கல்லறைத் தோட்டப் பணியாளர் ரேமோன் இசிதோர், உடைந்த பீங்கான் சில்லுகளைப் பொறுக்கி வந்து, சுவரை மட்டுமல்ல, கட்டிலையும் அடுப்பையும்கூடச் சில்லால் மூடினார். இவர்களுக்கு ஒரு வலு இருந்தது: உடம்பு. கல்லைத் தூக்கலாம், ஏணியில் ஏறலாம். மாட் லூயிஸுக்கு அது இல்லை.

யார்மத் ஊரின் பக்கத்தில், குதிரைச் சேணம் தைக்கும் கொல்லர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் மாட். சிறுவயதிலேயே முடக்குவாதம் பற்றிக்கொண்டது. தோள்கள் ஒடுங்கின, முகவாய் மார்போடு சேர்ந்தது, விரல்கள் மடங்கின. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வண்ணம் தீட்டச் சொல்லிக் கொடுத்தவர் தாய். பெற்றோர் இருவரும் 1930-களின் நடுவில் அடுத்தடுத்துக் காலமான பின், டிக்பி ஊரில் இருந்த அத்தையின் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து சில மைல் தள்ளி மார்ஷல்டவுன் என்ற சிற்றூரில், மீன் கொண்டுபோய் வீடு வீடாக விற்கும் எவரெட் லூயிஸ், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் தேவை என்று தெரிவித்திருந்தார். மாட் போய் நின்றார். 1938-இல் திருமணம். சாலையோரத்து அந்த ஓரறை வீட்டில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. விறகடுப்பு ஒன்றுதான் அடுக்களையும் கணப்பும். படுக்க வேண்டுமானால் செங்குத்தான மரப்படி ஏறிப் பரணுக்குப் போக வேண்டும். வீட்டு வேலை செய்ய ஆள் தேடிய எவரெட்டுக்கு, வேலை செய்ய முடியாத கைகளோடு ஒரு மனைவி வாய்த்தார். சமையலையும் பெருக்கலையும் பெரும்பாலும் எவரெட்டே பார்த்துக்கொண்டார். மாட் ஜன்னலோரத்து மூலையில் உட்கார்ந்தார். அந்த மூலையை விட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அதிகம் நகரவில்லை.

அந்த மூலையிலிருந்துதான் வீடு பூக்கத் தொடங்கியது. எவரெட் எங்கிருந்தோ தேடிக்கொண்டுவந்த, படகுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட். மத்தி மீன் வந்த காலி டின்னே வண்ணத் தட்டு. வண்ணங்களை அவர் கலப்பதில்லை, டப்பாவில் இருந்தபடியே தீட்டினார். விற்பதற்கான படங்களை அட்டையிலும் மரக்கூழ்ப் பலகையிலும், டிக்பி கடலில் மலிந்த ஸ்காலப் சிப்பி ஓடுகளிலும்கூட வரைந்தார். ஆனால் விற்காத படம் ஒன்று நாளுக்கு நாள் அவரைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்தது. தெருக்கதவில் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் பூக்களும் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் டூலிப் பூக்கள் நின்றன. சுவர்த்தாள், பரணுக்கு ஏறும் படி, ரொட்டிப் பெட்டி, குப்பை முறம் எல்லாம் நிறைந்த பிறகு விறகடுப்பிலும் பூ மலர்ந்தது. தினமும் நெருப்பு எரிகிற இரும்பின்மேல் படம் வரைந்தால் அது நிலைக்காது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வரைந்தது பிறர் பார்த்துப் பாராட்டுவதற்காக அல்ல, நாள் முழுதும் அதோடு இருக்க வேண்டியவர் தன் கண்ணுக்காக வரைந்தது என்பதற்கு அந்த அடுப்பைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் கதவின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். அழகு அங்கே கூடுதல். ஆனால் வீட்டின் உயிர் அடுப்பில் இருக்கிறது.

இந்த வீட்டை அருங்காட்சியகம்தான் காட்சிப்பொருளாக ஆக்கியது என்று நினைப்பது தவறு. மாட் உயிரோடு இருந்தபோதே அது மக்கள் வண்டியை நிறுத்திப் பார்த்த இடம். நோவா ஸ்கோஷியாவின் மேற்குக் கரையோரம் செல்லும் பிரதான சாலையை ஒட்டி அது நின்றது. ‘ஓவியங்கள் விற்பனைக்கு’ என்று எழுதிய பலகை வெளியே இருந்தது. கோடையில் சுற்றுலா வந்த கார்கள் நின்றன. சிலர் 2 டாலருக்கோ 3 டாலருக்கோ ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். 1964-இல் ஒரு வார இதழ் அவரைப் பற்றி எழுதியது. 1965-இல் கனடிய ஒலிபரப்புக் கழகம் தொலைக்காட்சியில் காட்டியது. அதன்பின் தபாலில் வந்த கோரிக்கைகளை அந்த மடங்கிய விரல்களால் தீர்க்க முடியவில்லை. நிக்சன் அதிபராக இருந்தபோது அமெரிக்க வெள்ளை மாளிகையிலிருந்தே இரண்டு படங்கள் கேட்டு வந்தார்கள். ஆக அந்த 170 சதுர அடி ஒரே சமயத்தில் குடியிருப்பாகவும் பட்டறையாகவும் கடையாகவும் விளம்பரப் பலகையாகவும் இருந்தது. பூ வரைந்த கதவைப் பார்த்துத்தான் கார் நின்றது, கார் நின்றதால்தான் படம் விற்றது, விற்ற காசில்தான் விறகும் பெயின்ட்டும் வந்தன. கலை ஒருபுறம், பிழைப்பு ஒருபுறம் என்று பிரித்துப் பேசப் பழகியவர்களுக்கு இந்த வீடு இடைஞ்சலானது. பிரிக்க இடமில்லாத அளவுக்கு அது சிறியது.

இனி அவருடைய படங்களைப் பாருங்கள். நீலக் கடலில் படகுகள், கழுத்தில் மணியோடு இணைந்து நடக்கும் எருதுகள், கறுப்புப் பூனைகள், பனியில் வழுக்கிச் செல்லும் குதிரை வண்டிகள். நிழல் இல்லை. வெண்பனி கிடக்கும் குன்றில் இலையுதிர்காலச் சிவப்பு இலைகளோடு மரம் நிற்கும்; பருவங்களை அவர் தம் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்டார். நோய் இல்லை, பசி இல்லை, இருட்டிய நவம்பர் மாலைகள் இல்லை. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிற ஒருவர், இவர் கவலையற்ற கிராமத்து மனுஷி, வாழ்க்கை இவருக்கு ஒரு திருவிழா என்றுதான் முடிவு கட்டுவார். இவருடைய பெயரில் விற்கும் நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அந்த முடிவுக்குத்தான் நம்மைத் தள்ளுகின்றன. வீடு அதை மறுக்கிறது. பன்னிரண்டரை அடிச் சுவரைக் கண்ணால் அளந்ததும், கடல் காற்று வீசும் குளிர்காலத்தில் இரண்டு பேர் அதற்குள் எப்படி இருந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. படியின் செங்குத்தைப் பார்த்ததும், முதுகு நிமிராத ஒருவர் ஒவ்வோர் இரவும் அதில் ஏறியதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய படங்களில் பெரும்பாலானவை ஏன் ஒரு சாண், இரண்டு சாண் அளவிலேயே நிற்கின்றன என்பதற்கும் விடை இங்கே கிடைக்கிறது. தோளை உயர்த்த முடியாத கை, மடியளவு மேசையில் வைத்து எட்டும் தூரத்துக்குத்தான் வரையும். படத்தில் அது எளிமையான பாணி. வீட்டில் அது ஓர் உடம்பின் எல்லை. அந்த மகிழ்ச்சி இயல்பாக வாய்த்ததல்ல, ஒவ்வொரு நாளும் எதையோ எதிர்த்து ஈட்டியது என்பதை வீடுதான் நிறுவுகிறது. அதனால் படங்களின் மதிப்பு குறைவதில்லை, பல மடங்கு கூடுகிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும்; அது நியாயமான எதிர்வாதம். ஏழை ஒருத்தியின் அடுப்பையும் படுக்கையையும் சீட்டு வாங்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பது வறுமையை வேடிக்கை பார்ப்பது ஆகாதா? செத்தவரிடம் அனுமதி கேட்க முடியாது. உயிரோடு இருந்தபோது வாசலுக்கு வந்தவர்களுக்கு அவர் கதவைத் திறந்தார் என்பது உண்மைதான், ஆனால் வாங்க வருகிறவருக்குத் திறப்பதும் கண்காட்சிக்குத் திறப்பதும் ஒன்றல்ல. இதற்கு என் பதில், பார்ப்பது குற்றமல்ல, பாதியைப் பார்ப்பதுதான் குற்றம் என்பது. மாட் லூயிஸின் வறுமையை மூடிவைத்துப் பூக்களை மட்டும் சுவரில் மாட்டினால், அவரிடம் 5 டாலருக்கு வாங்கியவர்களும் அதைப் பிற்பாடு ஆயிரங்களுக்கு விற்றவர்களும் கொண்டாடும் கதைக்கு நாமும் துணைபோகிறோம். ஓவியத்தின் விலை ஏற ஏற அதில் ஒரு காசுகூட வரைந்தவருக்குப் போய்ச் சேராது. காலம் கடந்துவிட்டது. குறைந்தபட்சம், எந்த நிலையில் அவை வரையப்பட்டன என்ற கணக்காவது திறந்திருக்க வேண்டும். வீடு என்ற அந்தக் கணக்கேட்டை ஏலத்தில் எடுத்துக்கொண்டுபோய் யாரும் வரவேற்பறையில் மாட்ட முடியாது. அது பொதுச்சொத்தாக, எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரேனும் இருந்தால், அது அந்த வீட்டில் வாழ்ந்தவர் அல்ல.

எவரெட்டைப் பற்றியும் வீடு பேசாமல் இல்லை. சினிமா அவரைக் கரடுமுரடான, ஆனால் உள்ளுக்குள் அன்பான கணவராகக் காட்டியது. 2016-இல் வெளிவந்த ‘மாடி’ என்ற அந்தப் படத்தில் மாட் ஆக நடித்தவர் சாலி ஹாக்கின்ஸ். மாட்டின் வாழ்க்கையை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதிய லான்ஸ் வூலவர் தீட்டிய சித்திரம் அதைவிடக் கடுமையானது: மனைவியின் உழைப்பில் வந்த காசைப் பதுக்கிவைத்த கஞ்சன். சமையல் செய்தவரும் பெயின்ட் தேடிக் கொண்டுவந்தவரும் அதே மனிதர்தான். மனைவி இறந்த பின் அவரைப் போலவே தானும் படம் வரைந்து விற்றார். 1979-இல், பணம் இருக்கும் என்று நம்பி அந்த வீட்டுக்குள் புகுந்த திருடன் கையால் அங்கேயே கொல்லப்பட்டார். படம் விற்ற பிறகும் மின்சாரம் வராத, குழாய் வராத ஒரு வீடு, காசு இல்லாததால் அப்படி இருந்ததா, இருந்தும் செலவழிக்காததாலா என்ற கேள்வியைப் பார்வையாளர் முன் வைத்துவிட்டு நிற்கிறது. திரைப்படம் போல அது நமக்காக ஒரு முடிவை எழுதித் தரவில்லை.

ஆள் இல்லாத மரவீடு எத்தனை நாள் தாங்கும்? மார்ஷல்டவுன், ஃபண்டி வளைகுடாவை ஒட்டிய பகுதி. உப்புக்காற்று, மூடுபனி, உறைந்து உருகும் குளிர். மரம் உளுத்தது, வண்ணம் உரிந்தது. டிக்பி வட்டாரத்து மக்கள் சிலர் கூடி, வண்ண வீட்டைக் காப்பாற்ற ஒரு சங்கம் அமைத்துப் பணம் திரட்டிப் பார்த்தார்கள். பராமரிப்புச் செலவு அவர்கள் சக்திக்கு மீறியதாக இருந்தது. 1984-இல் மனையும் வீடும் மாநில அரசுக்கு விற்கப்பட்டு, கலைக்கூடத்தின் பொறுப்புக்கு வந்தன. அப்போதும் உடனே விடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1996-இல்தான் முழுமையான சீரமைப்பு தொடங்கியது. ஹாலிஃபாக்ஸுக்கு அருகே ஒரு வணிக வளாகத்தில் இடம்பிடித்து, கடைக்கு வந்தவர்கள் நின்று பார்க்கும்படி அந்த வேலையைச் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்த வீடு, பழுது பார்க்கப்படும்போதும் போகிறவர் வருகிறவர் பார்க்கவே இருந்தது. 1998 முதல் அது கலைக்கூடத்தில் நிரந்தரமாக நிற்கிறது.

ஆனால் இடம் பெயர்த்த வீடு வீடுதானா? இந்த விஷயத்தில் என்னிடம் உள்ள பதில் முழுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இடத்திலேயே காப்பது மேல் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா என்ற இத்தாலியக் கூலித் தொழிலாளி, 1921 முதல் 1954 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் தன் வீட்டு மனையில் இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் உடைந்த ஓடுகளும் கொண்டு கோபுரங்கள் எழுப்பினார். உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். ஆபத்தானவை, இடிக்க வேண்டும் என்றது நகராட்சி. காக்க முன்வந்தவர்கள் 1959-இல் சவாலாக ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். 10,000 பவுண்டு விசையில் இழுத்தபோது கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் தடுமாறியது. கோபுரங்கள் இன்றும் அதே மனையில், அதே தெருவில் நிற்கின்றன. ஹூஸ்டன் பீர் டின் வீட்டை 2001-இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, அதே தெருவில் வைத்தே செப்பனிட்டது. சுற்றிலும் பழைய வீடுகள் போய்ப் புதுப் பணக்கார வீடுகள் உயர்ந்துவிட்டன, டின் வீடு மட்டும் அசையவில்லை. அக்கம்பக்கம்தான் இத்தகைய வீட்டுக்குச் சட்டகம். அதைக் கழற்றிவிட்டால் பாதி பொருள் போய்விடும் என்று சொல்பவர்களை எளிதில் மறுக்க முடியாது. மாட்டின் ஜன்னலில் இருக்கும் டூலிப் பூக்களுக்குப் பின்னால் ஒரு காலத்தில் சாலை தெரிந்தது, பனி தெரிந்தது, நிற்கப்போகும் கார் தெரிந்தது. இன்று தெரிவது கலைக்கூடத்தின் சுவர்.

இருந்தும் நான் வீட்டை இடம் மாற்றியவர்கள் பக்கம்தான் நிற்கிறேன், காரணம் கட்டுமானப் பொருளில் இருக்கிறது. ரோடியாவின் கோபுரம் இரும்பும் சிமென்ட்டும், மில்கோவிச்சின் சுவர் அலுமினியம். மாட்டின் வீடு மெல்லிய பலகை. அதன் மேல் படகுப் பெயின்ட், சுவர்த்தாள், துருப்பிடிக்கும் தகரம். மழையில் நிறுத்திவைத்தே அதைக் காப்பது என்றால், பலகையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றிய பலகையில் பூவை மறுபடி வரைந்துகொண்டே இருக்க வேண்டும். முப்பது ஆண்டில் இடம் மட்டுமே பழையதாக இருக்கும், வீடு புதியதாகிவிடும். இடமா, வரைந்த கையா என்று கேட்டால், மாட் லூயிஸ் விஷயத்தில் கைதான். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் அவற்றின் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கும். ஒரு வித்தியாசம் முக்கியமானது: அந்த வீடுகள் ஒரு மரபைக் காட்டுபவை, அதே வகையில் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. மாட்டின் வீட்டுக்கு ஜோடி கிடையாது. போனால் போனதுதான்.

சீரமைப்பைப் பற்றியும் ஒரு சந்தேகம் சொல்லப்படுகிறது. உரிந்ததை ஒட்டி, கரியைத் துடைத்து, வண்ணத்தை நிலைப்படுத்திய பின் நாம் பார்ப்பது மாட்டின் வீடா, நிபுணர்களின் வீடா? அடுப்புப் புகையும் ஈரமும் இல்லாத ஒரு சுத்தமான வீட்டில் அவர் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. உண்மை. வாசனை போய்விட்டது, குளிர் போய்விட்டது, அடுப்பின் புகை போய்விட்டது. எந்தக் கலைக்கூடமும் இவற்றைத் திருப்பித் தராது. ஆனால் அளவு போகவில்லை. அந்தப் பதின்மூன்றரை அடியை யாரும் நீட்டவில்லை. தூரிகை எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் நின்றது என்பதும் போகவில்லை. மாட் லூயிஸைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும். மார்ஷல்டவுனில் வீடு இருந்த மனையில் கட்டடக் கலைஞர் பிரையன் மெக்கே லயன்ஸ், அதே அளவில் இரும்புச் சட்டங்களால் ஒரு வெற்று வீட்டை நிறுத்தியிருக்கிறார். பூ இல்லை, சுவர் இல்லை, வெறும் உருவரை. அதே வட்டாரத்தில் ஆர்வலர் ஒருவர் தம் சொந்த உழைப்பில் வண்ண வீட்டின் நகல் ஒன்றையும் கட்டிவைத்தார். நகலில் பூக்கள் இருக்கின்றன, அவற்றை வரைந்த கை இல்லை. வெற்றுச் சட்டமே நேர்மையான நினைவுச்சின்னமாக எனக்குப் படுகிறது. வீடு போய்விட்டது என்பதை அது மறைக்கவில்லை, எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதெல்லாம் கலையா, பொழுதுபோக்கு அலங்காரமா என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தூரக்காட்சி விதி தெரியாது, உடற்கூறு தெரியாது, ஒரே பூனையைப் பலமுறை வரைந்தார் என்பவை குறைகளாகச் சொல்லப்படுகின்றன. கேட்டு வாங்குகிறவர் அதே பூனையைக் கேட்டார், வரைபவருக்குப் பணம் தேவைப்பட்டது. திரும்பத் திரும்ப வராத இடம் ஒன்று இருக்கிறது, யாரும் கேட்காமல் வரைந்த இடம்: வீட்டின் உள்புறம். அங்கே வாடிக்கையாளர் இல்லை, அளவு இல்லை, விலை இல்லை. பிரான்சில் தபால்காரர் ஃபெர்தினான் ஷெவால், பணி முடிந்த நேரங்களில் கல் பொறுக்கி 1879 முதல் 1912 வரை கட்டிய ‘கனவு மாளிகை’யையும் அரைவேக்காடு என்றே பலர் சொன்னார்கள். 1969-இல் கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் எதிர்ப்பு இருந்தது. இன்று அந்தச் சர்ச்சையை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

கனடாவில் பிள்ளைகளோ உறவுகளோ இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. பார்க்கப் போகிறவர்களை டொராண்டோவில் இறக்கி, நயாகராவைக் காட்டி, கோயில் ஒன்றுக்குக் கூட்டிப்போய், விமானம் ஏற்றி அனுப்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை போகிறவர்கள் கிழக்குக் கரைக்கும் சில நாட்கள் ஒதுக்குங்கள். ஹாலிஃபாக்ஸ் கலைக்கூடத்தில் அந்த வீட்டின் முன் நின்று, பூக்களைப் பார்த்து முடித்த பிறகு, அடுப்பையும் படியையும் பாருங்கள். பிறகு ஒரு காரை எடுத்துக்கொண்டு மேற்கே 230 கிலோமீட்டர் போனால் டிக்பி. அதைத் தாண்டி மார்ஷல்டவுன். சாலையோரத்தில் அந்த இரும்புச் சட்டம் நிற்கும். வண்டியை நிறுத்துங்கள்.